தனிக்குடித்தனம் வைத்துப் பார்த்தோம்!

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டை இடித்துப் போடுவார் எவரேனும் உளரோ? தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மழைக்கு ஒழுகுகிறதா, அண்டை அயலார் எப்படிப்பட்டவர் என்று ஓரிரு மாதம் இருந்து பார்த்த பின்னரே பழைய வீட்டுச் சாவியைக் கைவிடுவர். கணிப்பொறிக்குள் குடியிருக்கும் இயக்க அமைப்பை மாற்றுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் கணினி ஆசிரியை சொன்னபோது நாங்கள் எண்மரும் சிரித்தோம். பின்னர் பத்து வார காலம் அதையேதான் செய்தோம்.

சிரிப்பதற்குரிய காரியமல்ல அது என்பது 2025 ஜூனில் பள்ளி திறந்தவுடனேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் 14 கணிப்பொறிகள். யாவும் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 வகை, 4 ஜி.பி. நினைவகம், 500 ஜி.பி. வட்டு. அவற்றில் ஓடியது விண்டோஸ் 10. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த அந்த விண்டோஸுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடியும் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் முன்னரே அறிவித்திருந்தது. சரி, அடுத்ததாகிய விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எங்கள் பொறிகளோ நான்காம் தலைமுறை! பாட்டியைக் கூட்டிப்போய்க் கல்லூரியில் சேர்க்கக் கேட்ட கதைதான்.

பதினான்கையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் புதியவை வாங்கலாம் என்ற பேச்சு அடிபட்டது. ஆனால் கையிலிருந்த பணத்துக்கு ஆறுதான் வாங்க முடியும். எங்கள் வகுப்பில் 42 பேர். ஆறு பொறி என்றால் ஒன்றுக்கு ஏழு பேர்! ஒருத்தி தட்டச்சு செய்வாள், ஒருத்தி பார்ப்பாள், மற்ற ஐவர் அவர்கள் பின்னலைப் பார்த்துக் கொண்டு நிற்பர். வீட்டில் கணிப்பொறி உள்ளவர் எங்களுள் ஒன்பது பேரே. மற்றவர்க்கு வாரத்தில் இரண்டு நாள் ஆய்வகத்தில் கிடைக்கும் நேரமே நேரம். கைப்பேசியில் பாடம் கேட்கலாம். பரிசுப் போட்டிக்கு எழுதும் அளவுக்கு நிரல் எழுதிப் பழக முடியாது. எனவே அந்தப் பழைய பொறிகள் போவதா இருப்பதா என்பது எங்களுக்கு விளையாட்டுப் பேச்சாக இல்லை.

அப்போதுதான் கணினி ஆசிரியை லினக்ஸைப் பற்றி எடுத்துச் சொன்னார். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸுக்கு அடுத்தாற்போல் உபுண்டு என்னும் லினக்ஸும் இருப்பது எங்களுக்கு நினைவு வந்தது. படம் பார்த்திருந்தோம், பொறியில் பார்த்ததில்லை. பின்லாந்து நாட்டு ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், 1991 ஆகஸ்ட் 25 அன்று, தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்க அமைப்பு எழுதி வருவதாக அறிவித்தார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இலேயே தொடங்கியிருந்த குனு திட்டத்தின் கருவிகளும் இவருடைய உட்கருவும் சேர்ந்து இன்றைய லினக்ஸ் ஆயின. எவரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்பதே அதன் உரிமப் பத்திரம். நம் அம்மாமார் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடியில் இருப்பதும் அதே உட்கருதான். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸில் ஓடுகின்றன என்று கேட்டபோது எங்களுள் ஒருத்தி, “அப்போ நம்ம நாலு ஜி.பி. பொறியில ஓடாதா மிஸ்?” என்று கேட்டாள். கேள்வி தலைகீழாக இருந்தாலும் நியாயமான கேள்வி!

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற லினக்ஸ் 2007 முதல் உண்டு. அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் அது இருந்ததை அக்காமார் பலர் அறிவர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படித்துத் தேர்வும் எழுதுகின்றனர். மறுபக்கத்தையும் ஆசிரியை மறைக்கவில்லை. ஜெர்மனியின் முனிச் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றி, 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்ததாம். பெரிய நகராட்சியே திரும்பி வந்தது என்றால், பதினான்கு பொறி வைத்திருக்கும் நாங்கள் ஒரு பொறியில் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லதல்லவா?

லினக்ஸைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு என்று அறிந்தோம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது முதல் வழி. இது பெண் பார்க்கப் போவது போன்றது. முகம் தெரியும், குணம் தெரியாது. மெதுவாக ஓடும், பொறியை அணைத்ததும் நாம் செய்த யாவும் மறைந்துவிடும். இரண்டாவது, இருக்கும் வட்டையே இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸ், மறு பாதியில் லினக்ஸ் என்று வைப்பது. ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்! பிரிக்கும்போது கை பிசகினால் பழைய பாதிக்கும் கேடு. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளும்போது தொடக்க வரிசையை மாற்றிவிடுவதும் உண்டு. மூன்றாவது, தனியாக இன்னொரு வட்டு வாங்கிப் பொருத்தி, பழையதைத் தொடாமலே அதில் லினக்ஸை ஏற்றுவது. இதற்குத்தான் நாங்கள் தனிக்குடித்தனம் என்று பெயர் வைத்தோம். செலவு, 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 1,650 ரூபாய். மன்ற நிதியிலிருந்து எடுக்கத் தலைமையாசிரியை சிஸ்டர் இசைந்தார்கள். ஆனால் இரண்டு நிபந்தனை: சோதனை ஒன்பதாம் எண் பொறியில்தான் நடக்க வேண்டும், அதன் பழைய வட்டில் ஒரு கோப்பு காணாமல் போனாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஏன் ஒன்பதாம் எண்? அதில்தான் 2014 முதல் வெளிவந்த நம் ஆண்டு மலர்களின் பக்கங்கள் உள்ளன. நிழற்படங்கள், ஆண்டறிக்கைகள், தமிழம்மா தட்டச்சு செய்த கட்டுரைகள் எல்லாம் அங்கேயே. யாருக்கும் வேண்டாத பொறியில் எதைச் செய்தாலும் வெற்றிதான். எல்லா வேலையும் நடக்கும் பொறியில் தேறினால்தான் தேர்ச்சி என்பது சிஸ்டரின் கணக்கு. எங்களுக்கு அன்று கொஞ்சம் மனத்தாங்கல்தான். இப்போது நினைத்தால் அதைவிடச் சரியான பொறியைத் தேர்ந்திருக்க முடியாது.

திருகாணியைத் தொடுமுன் பழைய வட்டிலுள்ள கோப்புகள் அனைத்தும் வெளிவட்டு ஒன்றில் பிரதி எடுக்கப்பட்டன. அதற்கே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பல லினக்ஸ் வழங்கல்களுள் லினக்ஸ் மின்ட் 22.1ஐத் தேர்ந்தோம், 2029 வரை திருத்தங்கள் உண்டு, அதன் எளிய முகப்பாகிய எக்ஸ்எஃப்சிஇ பழைய பொறிகளுக்கு ஏற்றது. இறக்கிய கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. அது பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைநாட்டு உண்டு. கணிப்பொறியே ஒப்பிட்டுவிடும், ஆயினும் முதல் முறை நாங்கள் ஒருத்தி வாசிக்க ஒருத்தி சரிபார்க்க, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் ஒப்பித்தோம். வெறும் சடங்கல்ல இது. 2016 பிப்ரவரியில் இதே மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்த கயவர்கள், இறக்கும் இணைப்பை நஞ்சு கலந்த கோப்புக்குத் திருப்பிவிட்டதும், தளத்தார் விரைவில் கண்டறிந்து ஊருக்கெல்லாம் அறிவித்ததும் நடந்தவை.

ஜூலை இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமை பொறியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். பதினோராண்டுத் தூசி! முதலில் தும்மல், பிறகு தொழில்நுட்பம். ஆசிரியை முதலில் செய்வித்தது பழைய வட்டின் கேபிளைப் பிடுங்கியதுதான். புதிய வட்டைப் பொருத்துவதுதானே வேலை, பழையதை ஏன் பிடுங்க வேண்டும்? லினக்ஸைப் புது வட்டில் ஏற்றச் சொன்னாலும், பொறியை எழுப்பும் சிறு நிரலை நிறுவி சில வேளை முதல் வட்டிலேயே எழுதிவிடுமாம். பிறகு பழைய வட்டைக் கழற்றினால் புதியது எழும்பாது. இணைப்பே இல்லாத வட்டில் எவரும் எதையும் எழுத முடியாதல்லவா? பூட்டைவிடச் சுவர் நல்லது! இருபது நிமிடத்தில் நிறுவல் முடிந்தது. பின்பு பழைய கேபிளை மீண்டும் செருகினோம். பொறியை எழுப்பும்போது எஃப்12 விசையை அழுத்தினால் எந்த வட்டு என்று கேட்கும். ஒன்றும் அழுத்தாவிட்டால் பழைய விண்டோஸே வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து வாரமும் அப்பொறியில் வரைந்து விளையாடினார்கள். உள்ளே இன்னொரு குடித்தனம் இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது!

முதல் நாள் கண்ட வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். விண்டோஸ் வந்து நிற்க நான்கு நிமிடம் பிடித்த பொறியில் லினக்ஸ் அரை நிமிடத்தில் வந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம். ஆசிரியை கைதட்டவில்லை. “இது லினக்ஸோட வேகமா, புது வட்டோட வேகமாம்மா?” என்றார். சுழலும் தட்டுள்ள பழைய வட்டும், சுழற்சியே இல்லாத எஸ்.எஸ்.டி.யும் ஓட்டப் பந்தயத்தில் ஒன்றாக நிற்கலாமா? மறுவாரம் ஓரமாகக் கிடந்த பழைய சுழல்வட்டு ஒன்றில் லினக்ஸை ஏற்றிப் பார்த்தோம். ஒரு நிமிடம் நாற்பது நொடி ஆயிற்று. ஆக, பாதிப் பெருமை வட்டுக்கும் பாதிப் பெருமை லினக்ஸுக்கும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

ஆம், ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். நாற்பது பக்க நோட்டுதான். என்ன செய்ய முயன்றோம், முடிந்ததா, எத்தனை நேரம் ஆயிற்று என்று தேதி போட்டு எழுதுவது எங்கள் எண்மரின் முறைவேலை. அதில் மூன்றாம் நாள் பதிவு எங்கள் பள்ளியில் புகழ் பெற்றுவிட்டது. லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், காலை பத்து மணிக்கு அது நாலரை என்று காட்டிற்று! சரி செய்தால் மறுநாளும் அதே கதை. பேய் பிடித்ததோ என்று சிலர் பேசினர். பேயுமில்லை பூதமுமில்லை, வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி என்பதைக் கண்டுகொண்டவள் புவியியலில் கெட்டிக்காரி. பொறியின் பலகையிலுள்ள கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸோ உலகப் பொது நேரத்தை எழுதும். ஒன்று வைத்த முள்ளை மற்றது தன் கணக்கில் படித்தால் இந்தியாவில் ஐந்தரை மணிதானே வேறுபடும்! லினக்ஸில் ஒரே கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டோம். பத்து வாரத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் விரைவாக எழும்புவதற்காக முழுவதும் அணையாமல் அரைத்தூக்கத்தில் படுக்கும் வழக்கமுடையது. அந்நிலையில் அதன் வட்டை லினக்ஸ் தொட்டு எழுதினால் கோப்புகள் குழம்பக் கூடும். ஆகவே அந்த வசதியை நிறுத்தினோம். அதன் பின்னும் லினக்ஸிலிருந்து பழைய வட்டைப் படிக்க மட்டுமே வைத்துக் கொண்டோம்.

தமிழில்தான் எங்களுக்கு உள்ளூரப் பயம். மாணவியர் நாங்கள் தமிழ்99 முறையில் பழகியவர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. லினக்ஸில் அது முன்னமே இருக்கிறது, சேர்த்துக் கொண்டால் போதும். ஆனால் தமிழம்மா? அவர்கள் தட்டச்சுப் பயிலகத்தில் உயர்நிலை தேறியவர்கள். பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையே அவர்கள் விரல்களில் ஊறியிருக்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பின் விரலை மாற்று என்று எப்படிச் சொல்வது? பட்டியலை உருட்டிக் கொண்டே போனோம். இருந்தது, தோழியரே! தமிழ் தட்டச்சு இயந்திர வரிசை என்றே ஒன்று இருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைக்கூடப் பார்க்காமல் ஒரு பத்தி அடித்தார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக் கொண்டு, “நம்ம மெஷின் மாதிரியே இருக்கேடி” என்றார்கள். அன்றைய பதிவில் முடிந்தது என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டோம்.

பழைய மலர்க் கோப்புகள் அவ்வளவு எளிதில் மசியவில்லை. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. லினக்ஸிலுள்ள லிபர்ஆபிஸில் திறந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரிந்தன. கோப்பு கெட்டுவிட்டதோ என்று நெஞ்சு படபடத்தது. கெடவில்லை, எழுத்துரு அங்கு இல்லை, அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து வைத்ததும் 2014ஆம் ஆண்டு அறிக்கை அழகாக எழுந்து நின்றது. ஆனால் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் விண்டோஸுக்கும் மேக்குக்கும் எழுதப்பட்ட மென்பொருள். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. அதற்கு ஈடாக ஸ்கிரைபஸ் என்று ஒன்று லினக்ஸில் உண்டு. நாங்கள் அதில் நான்கு பக்கம் அமைத்துப் பார்த்தோம், நன்றாகவே வந்தது. ஆயினும் பழைய மலர்ப் பக்கங்களை அது திறவாது; அச்சகத்தாரும் பேஜ்மேக்கர் கோப்பையே கேட்கிறார்கள். இங்கே லினக்ஸ் தோற்றது என்று எழுதுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

நிரல் பாடத்தில் தொல்லை குறைவு. சி++ தொகுப்பி லினக்ஸில் இயல்பாகவே கிடைக்கிறது. அக்காமார் விட்டுச் சென்ற பழைய குறிப்புகளில் ‘கோனியோ’ என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்து எழுதிய நிரல்கள் மட்டும் ஓடவில்லை. அது டாஸ் காலத்துச் சரக்கு. பாடநூலில் உள்ள நிரல்கள் எல்லாம் ஓடின. கோப்பின் பெயரில் பெரிய ஆங்கில எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு என்பது பழக ஒரு வாரம் ஆயிற்று. அலுவலக வேலையாகிய எமிஸ் பதிவுகள் உலாவியில் நடப்பவை. எந்த வட்டிலிருந்து எழுந்தாலும் ஒன்றுதான்.

இறுதியாக அச்சுப்பொறி. அதன் பெயரைச் சொல்ல மாட்டோம். பல பள்ளிகளில் உள்ள சிறிய லேசர் வகைதான். அதைச் செய்தவர்கள் தமக்கென்று தனி மொழி ஒன்று வைத்திருக்கிறார்கள் போலும். மூன்று சனிக்கிழமை முயன்றோம். ஒருமுறை பாதித் தாள் அச்சாகி நின்றது. மறுமுறை வெள்ளைத் தாளையே பயபக்தியுடன் வெளியே தள்ளிற்று. நூலகத்திலிருந்த வேறொரு நிறுவனத்து அச்சுப்பொறியோ செருகிய கணமே தன் பெயரைச் சொல்லி வணங்கியது! புதிய பொருள் வாங்குமுன் லினக்ஸுக்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதை அலுவலக அண்ணனிடம் எழுதியே கொடுத்தோம்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் குறிப்பேடு சிஸ்டர் மேசைக்குப் போயிற்று. மொத்தம் 31 குறைகள் எழுதியிருந்தோம். 27 தீர்ந்தவை. மீதி நான்கில் இரண்டு பேஜ்மேக்கரைப் பற்றியவை, இரண்டு அச்சுப்பொறியைப் பற்றியவை. வெற்றி மட்டும் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்று சிஸ்டர் சொன்னதாக ஆசிரியை வந்து சொன்னார். பழைய வட்டின் கோப்புகளையும் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தது.

முடிவு இது: ஒன்பதாம் எண் பொறி இரண்டு வட்டோடும் இருக்கும். அதன் விண்டோஸ் பக்கத்தில் மலர் வேலையும் அந்த அச்சுப்பொறியும் மட்டும். அந்தப் பக்கத்துக்கு இணையம் கிடையாது. மற்ற பதின்மூன்றுக்கும் ஆளுக்கொரு எஸ்.எஸ்.டி.; 21,450 ரூபாய். புதிய பொறி ஒன்றின் விலையைவிடக் குறைவு என்பதால் கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி மிஞ்சிற்று. அதில் இரண்டு புதிய பொறிகள் பிறகு வரும் என்கிறார்கள். பழைய வட்டுகள் பதின்மூன்றும் எண் ஒட்டித் துணிப்பையில் சுற்றி ஆய்வகத்து இரும்பு அலமாரியில் இருக்கின்றன. ஆண்டுத் தேர்வு முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது. யாருக்கேனும் வேண்டுமென்றால் ஒரு திருகாணியில் பழைய வீட்டுக்கே திரும்பலாம். இதுவரை எவரும் கேட்கவில்லை.

இக்கட்டுரையை ஒன்பதாம் எண் பொறியின் லினக்ஸ் பக்கத்தில் தமிழ்99இல் அடித்தோம். பக்கம் அமைப்பதற்காக அதைப் பாமினிக்கு மாற்றி மறு வட்டுக்குக் கொண்டுபோனோம். மாற்றும்போது கொம்பும் காலும் சில இடத்தில் இடம்பெயர்ந்துவிடுகின்றன. தமிழம்மா இருமுறை திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் எங்கேனும் ஒரு கொம்பு தனியே நின்று கொண்டிருந்தால், தோழியரே, பென்சிலால் அதன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

— கணினி மன்றத்தார், பதினொன்றாம் வகுப்பு